காதில் வில்லை இல்லாவிட்டாலும் செத்த மாடு செத்ததுதான்

கால்நடைக் காப்பீட்டில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

என் அப்பாவின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்து நீங்கள் அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. இறந்த மாட்டின் காதில் எண் பொறித்த பிளாஸ்டிக் அடையாள வில்லை இல்லாததால் இழப்பீடு வழங்க இயலாது என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். கால்நடை மருத்துவர் கொடுத்த பிரேதப் பரிசோதனைச் சான்று, படங்கள், அறுந்து விழுந்த வில்லை எல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். வில்லை காதில் இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து இழப்பீட்டை மறுக்காதீர்கள்.

வில்லை எப்படி விழும் என்பது கட்டுத்தரைப் பக்கம் வந்துபோகிற எவருக்கும் தெரியும். தீனித்தொட்டிக் கம்பியில் மாட்டிக்கொள்ளும். துளை போட்ட இடத்தில் ஈ மொய்த்துப் புண்ணாகிவிட்டால் மாடு ஓயாமல் காதைத் தூணில் தேய்க்கும். வேப்பெண்ணெய் தடவிப் பார்ப்போம். அப்படியும் ஒருநாள் காது கிழிந்து வில்லை சாணத்தில் கிடக்கும். எங்கள் மாட்டுக்கும் அதுதான் நடந்தது. அப்பா அதைக் கழுவிப் பத்திரப்படுத்தினார். காப்பீடு போட வந்தவரிடமும் சொன்னார். "புதுப்பிக்கும்போது வேற போட்டுக்கலாம் பெரியவரே" என்று பதில் வந்தது. பிரீமியம் மட்டும் அதுவரை காத்திருக்கவில்லை. அதைப் பால் பணத்தில் முன்னாலேயே பிடித்தாகிவிட்டது.

அந்த மாட்டுக்கு இது மூன்றாம் ஈத்து. கன்று போட்ட மறுநாள் இரவு படுத்தது, எழவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, காதெல்லாம் சில்லிட்டுப் போயிருந்தது. பால் காய்ச்சல் என்று அப்பா பார்த்ததும் சொல்லிவிட்டார். நன்றாகக் கறக்கிற மாட்டுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். உடம்பிலிருக்கும் கால்சியம் சீம்பாலோடு இறங்கிவிடும், ரத்தத்தில் பற்றாக்குறையாகிவிடும். நேரத்துக்குக் கால்சியம் மருந்தை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும். இரவில் மருத்துவர் கிடைக்கவில்லை. விடிவதற்குள் முடிந்துவிட்டது.

காலையில் மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்துச் சான்று எழுதினார். உங்கள் தரப்பிலிருந்து ஃபோனில் பேசியவர் கேட்ட முதல் கேள்வி, "காதை வெட்டி வச்சிருக்கீங்களா?" செத்தது காப்பீடு போட்ட மாடுதான் என்று காட்ட வில்லையைக் காதுத் துண்டோடு ஒப்படைப்பது எங்களுக்குப் புதிதல்ல, பக்கத்துத் தோட்டத்தில் பார்த்திருக்கிறோம். காதில் வில்லை இல்லை, கிழிந்த தழும்புதான் இருக்கிறது, படமும் எடுத்திருக்கிறோம் என்று அம்மா சொன்னார். பரவாயில்லை, அந்தக் காதையே வெட்டிக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார் அவர்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மாதான் அரிவாளை எடுத்தார். அந்த மாட்டைக் கன்றிலிருந்து வளர்த்தவர், காலையும் மாலையும் அதன் மடியில் கை வைத்தவர், அதன் காதை வெட்டினார். உப்புப் போட்டுப் பையில் கட்டி, அறுந்த வில்லையையும் சேர்த்து அப்பா உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். நாற்றமடிக்கிறது என்று மேசையில் வைக்க விடவில்லை. காதை வாசலில் வைத்துவிட்டு வில்லையையும் விண்ணப்பத்தையும் மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். அதன் பிறகுதான் அந்த ஒரு வரிக் கடிதம். வில்லை இல்லை என்றால் கிடையாது என்பதுதான் உங்கள் விதி என்றால், அதைக் காதை வெட்டச் சொல்வதற்கு முன்பே சொல்லியிருக்கலாமே?

அப்பா சிறுவயதில் அடுத்தவர் பண்ணையத்தில் மாடு மேய்க்கப் போனவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். இடையில் வேறு வேலை எதுவும் செய்ததில்லை. அவரும் அம்மாவும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை. ஒருவர் போனால் ஒருவர் கட்டுத்தரையில் இருக்க வேண்டும். பாட்டி இறந்த அன்றுகூட, பந்தலில் உடல் கிடக்கும்போதே நேரமானதும் அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும், மாடு துடிக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. என் படிப்புக் கட்டணம் அந்தப் பாலில் வந்தது. தம்பிக்குப் பெண் பார்க்கப் போனால், "மாடு இருக்கிற வீடா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு சொல்கிறோம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பிண்ணாக்கு விலை ஏறினால் மறுநாளே தெரிகிறது, பால் விலை ஏறுவதற்குப் போராட வேண்டியிருக்கிறது. பாலில் கொழுப்பு குறைவு, இதர சத்து குறைவு என்று கருவி காட்டுகிற எண்ணை எதிர்த்துக் கேட்கவும் வழியில்லை.

1998 முதல் உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு நாம்தான் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். நவம்பர் 26 வந்தால் வெண்மைப் புரட்சியின் தந்தை என்று குரியன் படத்துக்கு மாலை போட்டுத் தேசியப் பால் தினம் கொண்டாடுகிறார்கள். நல்லது, கொண்டாடட்டும். அந்தப் பாலைக் கறந்தவர் இழப்பீடு கேட்டு வந்தால் மட்டும் மாடு இருந்ததா என்றே சந்தேகம் வந்துவிடுகிறது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியும். வேறு மாட்டைக் காட்டிப் பணம் கேட்பவர்களைத் தடுக்கத்தான் வில்லை. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் வில்லையில் இருக்கிற 12 இலக்க எண் வெறும் பிளாஸ்டிக் துண்டோடு முடிந்துபோவதில்லையே. அந்த எண்ணில்தான் எங்கள் மாட்டுக்கு சினை ஊசி போட்டதும், கோமாரித் தடுப்பூசி போட்டதும் பதிவாகியிருக்கின்றன. பதிவில் இருக்கும் நிறம், கொம்பு, வயது, ஈத்து எல்லாவற்றையும் பிரேதப் பரிசோதனைச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காப்பீடு போட்ட நாளில் உங்கள் ஆள் எடுத்த படம் உங்களிடமே இருக்கிறது, நெற்றிச் சுட்டியையும் உடம்புப் புள்ளிகளையும் சேர்த்துவைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மனிதருக்குக் கைரேகை போல மாட்டுக்கு மூக்குரேகை, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. காப்பீடு போடும்போதே மூக்கைப் படம் எடுத்துவைத்துக்கொண்டால் பிறகு யாருடைய காதையும் வெட்டத் தேவையில்லை. இத்தனை வழி இருக்கும்போது வில்லை விழுந்துவிட்டது என்ற ஒன்றைக் காட்டி மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். வில்லை விழுந்தால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் புது வில்லை போட்டுத் தருவீர்கள் என்பதைப் பாலிசியோடு தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். சொன்னதற்கு ஒரு ரசீதும் கொடுங்கள். வாயால் சொன்னதெல்லாம் எங்கள் பக்கம் மட்டும்தான் செல்லாமல் போகிறது.

அப்பாவின் கோரிக்கையைத் தயவுசெய்து மறுபடி எடுத்துப் பாருங்கள். சான்று எழுதிய மருத்துவரையே கூப்பிட்டு விசாரியுங்கள், எங்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. வில்லை காதில் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் அதையும் தெரிவியுங்கள். பதில் எதுவானாலும் கடிதமாகவே அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். போனமுறை ஃபோனில் சொன்னதை நம்பித்தான் காதை வெட்டினோம்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்க்கும் விவசாயி ஒருவரின் மகள்