குளிருக்கு முன்னம் தண்ணீர்க் குழாய்களைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கிழமை ஒட்டாவாவில் இரவில் 1 பாகைக்கு இறங்கும் என்று போனில் பார்த்தேன். ரொறன்ரோவில் எங்கள் ஸ்காபரோவுக்குப் பக்கத்தில் ஏரி இருப்பதால் உறைபனி கொஞ்சம் பிந்தித்தான் வரும். உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒக்டோபரில் வருகிற தாங்ஸ்கிவிங் லீவுக்கு இங்கே வெளிக்கிட முன்னமே பின்வளவுச் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்களில் இருந்து தண்ணீரை வடிக்கிற வேலையை முடித்துவிடுங்கள். போனில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்றுவிட்டு மறந்துபோவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பாத்தியில் ஓடுகிற கறுப்புக் குழாய் வெடித்துவிடுமோ என்று கேட்டாய். வெடிக்காது. அது பொலித்தீன், வளைந்து கொடுக்கும். உள்ளே தண்ணீர் தேங்காமல் இருந்தால் பனிக்கு அடியில் அப்படியே கிடக்கலாம். குளிரில் விறைத்த பிறகு அதைச் சுருட்ட வெளிக்கிட்டால்தான் முறியும். நீ யோசிக்க வேண்டியது வீட்டு வெளிச்சுவரில் ஹோஸ் பூட்டுகிற பைப்பையும், அதற்குப் பின்னால் உள்ளே ஓடுகிற குழாயையும்தான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். செம்பும் பித்தளையும் அதற்கு இடம் விடாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பூட்டினதும் உள்ளே நின்ற தண்ணீர் தானாக வடிகிற உறையாத பைப் என்று நம்பி ஹோஸைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். ஹோஸ் பூட்டியிருந்தால் அந்தப் பைப்பில் இருந்தும் தண்ணீர் வடியாது. குளிர் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. மே மாதம் திறந்தபோது செடிக்குப் போனதைவிட பேஸ்மென்ற் சுவருக்குள் போனதுதான் கூட.

முதலில், தண்ணீர் இருக்கும்போதே ஒவ்வொரு குழாயின் நுனி மூடியையும் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிடு. கலங்கலாக வரும்; தெளியும் மட்டும் விடு. அப்புறம் பேஸ்மென்றுக்குப் போ. உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மேலே, கூரைப் பக்கமாக, சிவப்புக் கைபிடி போட்ட வால்வு இருக்கிறதல்லவா, அதை இறுகப் பூட்டு. பிறகு வெளியே வந்து, தண்ணீரை நேரத்துக்குத் திறந்து பூட்டுகிற ரைமரோடு சேர்த்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெளிப் பைப்பைத் திறந்தே விடு. இனித்தான் பலர் விடுகிற வேலை: அந்தச் சிவப்பு வால்வின் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளை மூடி இருக்கும். கீழே வாளி பிடித்துக்கொண்டு அதைத் திருகினால் காற்று உள்ளே போக, இடையில் நின்ற தண்ணீர் முழுக்க வடியும். வடிந்ததும் மூடியைப் பூட்டிவிடு. மருமகன் உயரம், அவரைக் கொண்டு செய்வி.

கழற்றின ரைமர், தண்ணீர் பின்னுக்குத் திரும்பாமல் தடுக்கிற துண்டு, குப்பையைப் பிடிக்கிற வடி, அழுத்தத்தை 25 பிஎஸ்ஐக்குக் குறைக்கிற துண்டு, எல்லாவற்றையும் நன்றாக உதறிப் பேஸ்மென்றில் வை. கராஜில் வேண்டாம், அங்கேயும் உறையும். ரைமரின் பற்றரியை எடுத்துவிடு, இல்லாவிட்டால் கசிந்து உள்ளே அரித்துப்போடும். வடியின் வலையைக் கழுவினால் போதும். எங்கள் ஏரித் தண்ணீரில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதால் நான் வினாகிரியில் ஊறப்போடுகிறேன். உங்கள் ஆற்றுத் தண்ணீர் மென்மை, அந்த வேலை மிச்சம்.

அம்மா நட்ட கத்தரிப் பாத்தி பள்ளத்தில் இருக்கிறது. மற்ற இடத்தில் வடிந்தாலும் அங்கே தண்ணீர் நிற்கும். தலைப்பக்கத்தில் இருந்து குழாயைத் தூக்கித் தூக்கி நுனிப்பக்கம் வா. வடிந்த பிறகு மூடிகளைத் தளர்வாகப் போடு, மண்ணும் பூச்சியும் போகாமல். பக்கத்து வீட்டார் கொம்பிரசர் பிடித்து ஊதுவதைப் பார்த்து நீயும் ஆளைக் கூப்பிடாதே. அது புல்லுக்குக் கீழே தாழ்த்த ஸ்பிரிங்க்ளருக்கு. அந்தக் காற்றை இதில் அடித்தால் சொட்டு முனைகள் கழன்று பறக்கும்.

ஊரில் துலாவில் இறைத்து வாய்க்காலில் விட்ட உன் அப்பப்பாவிடம் தண்ணீர் கல்லாகிக் குழாயை உடைக்கும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவருக்கு மாரிக்கு ஒரு வேலைதான், வெள்ளத்தை வெட்டி விடுவது.

இந்த மாதம் உள்ளி நடுவதென்றால் அந்தப் பாத்திக் குழாயை முதலில் ஒதுக்கிவிட்டு மண்ணைக் கொத்து. மற்றக் குழாய்களின் ஓரத்தில் தடி குத்தி வை. வசந்தத்தில் மண்வெட்டி போடும்போது இடம் தெரியும். மே மாதம் வருகிற விக்டோரியா டேக்கு முதல் திரும்பப் பூட்ட அவசரப்படாதே. கறிவேப்பிலைச் சாடியை இன்றைக்கே உள்ளே எடு, அது குளிர் தாங்காது.

ரைமர் போன மாதம் தன்பாட்டில் நின்றது என்றாய். வரும்போது காரில் போட்டுக்கொண்டு வா, நான் திறந்து பார்க்கிறேன். அம்மா கூழ் காய்ச்சப்போகிறாவாம், ஒடியல் மா இருக்கிறது. மருமகனுக்கு உறைப்புக் குறைக்க வேண்டுமா என்று கேட்கச் சொன்னா.

அன்புடன்,
அப்பா