கொரிய வாய்க்குச் சீனக் குரல் கொடுங்கள், கொரியக் குரலையும் விட்டுவையுங்கள்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீன ஒளிவழிகளுக்குக் கொரிய நாடகங்களை வாங்குவோருக்கும், அவற்றைத் தயார்செய்து ஒளியேற்றும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

மாண்டரினில் குரல் மாற்றிய கொரிய நாடகங்களைச் சீனர்கள் மட்டும்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து நீங்கள் வேலை செய்வதுபோல் தெரிகிறது. தமிழ் வீடுகளிலும் மலாய் வீடுகளிலும் அதே நேரத்தில் அதே நாடகம் ஓடுகிறது. பாட்டிக்குச் சீனமும் தெரியாது, கொரியமும் தெரியாது; பேத்தி ஆங்கில சப்டைட்டிலைப் படித்துச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த வீடுகளின் சார்பில், ஒலிப்பதிவையும் சப்டைட்டிலையும் தொழிலாகக் கொண்ட சிலர் இதை எழுதுகிறோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: டப்பிங்கை நிறுத்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வேகமாக வாசிக்கத் தெரிந்த இளையர்கள். கண் மங்கியவருக்கும், கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பவருக்கும், எழுத்துப் படிக்காமலே மாண்டரின் பேசக் கற்றுக்கொண்ட முதியவருக்கும் காதில் விழும் குரல்தான் நாடகம். எங்கள் குறை வேறு. குரல் மாற்றும்போது மூலத்தில் இருந்த பலவற்றைத் தூக்கியெறிந்துவிடுகிறீர்கள். அவற்றில் முக்கால்வாசியைக் காப்பாற்றலாம். பெரிய செலவும் ஆகாது.

எளிதானதிலிருந்து தொடங்குவோம்: சீனக் குரலோடு கொரிய மூலக் குரலையும் இன்னொரு ஒலித்தடமாக அனுப்புங்கள். அனலாக் காலத்திலேயே நைகாம் என்ற ஒலி அனுப்பும் முறையில் இரண்டு மொழிகளை ஒன்றாக அனுப்ப முடிந்தது. இரு நாட்டிலும் அனலாக் 2019இல் முடிந்துபோனது. இப்போதுள்ள டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் ஒரே படத்தோடு பல ஒலித்தடங்களையும், வேண்டும்போது போட்டு வேண்டாதபோது அணைக்கக்கூடிய பல சப்டைட்டில்களையும் ஏற்றலாம். ஒவ்வொரு தடத்துக்கும் மூன்றெழுத்து மொழிக்குறியீடு ஒன்று உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி அதைப் பார்த்துத்தான் எந்தத் தடத்தை ஒலிக்கச் செய்வது என்று முடிவு செய்கிறது. கொரியத் தடத்துக்கும் சீனக் குறியீட்டையே போட்டு அனுப்பினால், ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்துபவருக்குத் திரையில் ‘சீனம்’, ‘சீனம்’ என்று இரண்டு வரி தெரியும். முதல் வரியிலேயே இருந்துவிட்டு, கொரியம் வரவில்லை என்று அவர் விட்டுவிடுவார். விளம்பரத்துக்கு இரண்டாம் தடத்தில் ஒலி வைக்க மறந்துவிட்டால் இன்னொரு தொல்லை. கொரியத்தில் கேட்பவருக்கு விளம்பரம் முழுக்க நிசப்தம். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து அவர் மறுபடி சீனத் தடத்துக்கே போய்விடுவார். விளம்பர ஒலியை இரண்டு தடத்திலும் போடுங்கள்.

ஒலியளவையும் பாருங்கள். டப்பிங் தடத்தில் குரலை முன்னுக்குத் தள்ளிக் கலப்பது வழக்கம். கொரிய மூலத்தில் முணுமுணுப்பும் உண்டு, கத்தலும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் வீடே அதிரும், இல்லையென்றால் ஒன்றுமே கேட்காது. கொரியாவின் ஒளிபரப்பு அளவு -24 எல்கேஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியுரப்பை அளக்கும் அலகு). ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் அளவு -23. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு தடமும் ஒரே அளவில், ஓர் அலகுக்குள் நிற்கட்டும்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். மழைக் காட்சி ஒன்று. நாயகி குடையில்லாமல் நிற்கிறாள், மழை கொட்டும் ஓசை கேட்கிறது. அவள் வாயைத் திறந்ததும் மழை நின்றுவிடுகிறது. பேசி முடித்து வாயை மூடியதும் மீண்டும் கொட்டுகிறது. அடுத்த வரியில் மறுபடி நிற்கிறது. பின்னணியில் ஓடும் பாட்டுக்கும் இதே கதி: உச்சத்துக்குப் போகும் நேரத்தில் யாராவது “ம்” என்றால் பாட்டு அறுந்துவிடும். வசனம் இல்லாமல் இசையும் ஓசைகளும் மட்டும் இருக்கும் தடம், நாங்கள் எம்-அண்ட்-ஈ என்போமே, அது கையில் இல்லாததன் விளைவு இது. அது இல்லாத இடத்தில் டப்பிங்காரர் மூல ஒலியையே பின்னணியாக வைத்துக்கொண்டு, கொரிய வசனம் வருமிடமெல்லாம் அதை வெட்டிவிட்டுச் சீனக் குரலைப் போடுகிறார். வசனத்தோடு மழையும் போய்விடுகிறது.

கொரியத் தரப்பில் அந்தத் தடம் பல வேளைகளில் ஏன் இருப்பதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். வாரம் இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 60 முதல் 70 நிமிடம். முன்பெல்லாம் கடைசி வாரங்களில் ஒளியேறும் நாளன்றுகூடப் படப்பிடிப்பு நடந்ததுண்டு. அந்த அவசரத்தில் வசனத்தைத் தனியாகப் பிரித்து வைக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. ஆனாலும் வழி இருக்கிறது. ஆறு ஒலிபெருக்கிகளுக்கு ஆறு தனித் தடங்கள் கொண்ட 5.1 ஒலிக்கலவை கிடைத்தால் வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில்தான் இருக்கும். மற்றத் தடங்களிலிருந்து மழையையும் பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால், வெட்டின இடத்தில் நிசப்தத்தை விடாமல், அதே காட்சியில் யாரும் பேசாத நான்கைந்து விநாடி மழையை எடுத்து நகல்செய்து கீழே விரிக்கச் சொல்லுங்கள். ஒலிப்பதிவாளருக்கு ஒரு காட்சிக்குப் பத்து நிமிட வேலை. காலடி, கதவு, கோப்பை வைக்கும் ஓசை ஆகியவற்றை மட்டும் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும்.

வாயசைவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் தமிழர்களாகிய எங்களுக்கு இது சட்டென்று உறைக்கும். கொரிய வாக்கியத்தில் தமிழைப் போலவே வினையும் மறுப்பும் கடைசியில் வரும். “அவள் என் தங்கை இல்லை” என்று ஒருவன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் அந்த ‘இல்லை’க்காகக் காத்திருந்து, அந்த இடத்தில் கேட்பவளின் முகத்துக்குக் கேமராவைத் திருப்புகிறார். மாண்டரினில் நேராக மொழிபெயர்த்தால் மறுப்பு முன்னால் வந்துவிடும், தங்கை கடைசியில் வரும். கேமரா முகத்துக்குப் போகும்போது காதில் விழுவது ‘தங்கை’. அதிர்ச்சி ஒரு விநாடி முன்பே வந்து போய்விட்டது, முகம் மட்டும் இப்போது அதிர்கிறது. நல்ல வசனகர்த்தா இதை “வோ மெய்மெய்? தா பூ ஷி” என்று இரண்டாக உடைப்பார்: என் தங்கையா? அவள் இல்லை. மறுப்பு மறுபடி கடைசிக்கு வந்துவிடும். மாண்டரினில் அசைகள் குறைவு என்பதால் வாய் ஆடிக்கொண்டிருக்கும்போதே வசனம் தீர்ந்துபோகும் சிக்கலும் இப்படி உடைத்தால் தணியும்; நடுவில் தேவையில்லாத அசைச்சொற்களைத் திணிக்க வேண்டியதில்லை. 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் தந்தது. அந்த டப்பிங்கில் வேறு குறைகள் இருந்தாலும், இந்த விஷயத்தில் வாக்கிய அமைப்பே தமிழுக்குத் துணை நின்றது.

டப்பிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தொலைந்தே தீரும் ஒன்று, மரியாதைப் பேச்சு. கொரியத்தில் இருவர் மரியாதை நடையிலிருந்து ஒருமை நடைக்கு இறங்குவது கதையில் ஒரு திருப்பம். மாண்டரினில் ‘நின்’, ‘நீ’ என்ற இரண்டைத் தவிரப் பெரிதாக ஏதும் இல்லை. ஆங்கில சப்டைட்டிலில் அதுவும் இல்லை. ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆவதன் எடை தெரிந்தவர்கள் நாங்கள். கொரியக் குரல் காதில் விழுந்தால், மொழி தெரியாவிட்டாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும் ‘யோ’ நின்றுபோவதை ஒரு வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவோம்.

சப்டைட்டிலுக்கு வருவோம். தைவானில் குரல் மாற்றிய பிரதியை வாங்கினால், மரபெழுத்துச் சீன வசனம் படத்தோடு ஒட்டியே வருவதுண்டு. அதை மங்கலாக்கி, மேலே எளிமையாக்கிய சீன எழுத்தையும், அதற்கும் மேலே ஆங்கிலத்தையோ மலாயையோ ஏற்றினால் நெருக்கக் காட்சியில் தாடை மறைந்துவிடும். வாயசைவுக்கு அரும்பாடுபட்டு எழுதிவிட்டு அந்த வாயையே மூடுவானேன்? ஆங்கிலத்தைச் சீன டப்பிங் வசனத்திலிருந்து மொழிபெயர்ப்பதால் பெயர்களும் மாறிவிடுகின்றன. கொரியத் தடத்தில் கேட்பவருக்குக் காதில் ‘கிம்’, எழுத்தில் ‘ஜின்’. காதில் ‘சே’, எழுத்தில் ‘சுவெய்’. கொரிய ஒளிவழியான எம்பிசி 2003-2004இல் ஒளிபரப்பிய 54 பகுதி அரண்மனை நாடகத்தின் நாயகி ஜாங்கூம், சீன வாசிப்பில் சாங்ஜின் ஆனாள். சீனத் தடத்தில் கேட்பவருக்கு அதில் குறையில்லை. இரண்டு தடம் ஒளியேறும்போது ஆங்கில, மலாய் சப்டைட்டிலையாவது கொரியக் கதைவசனத்திலிருந்து எழுதுங்கள். குறைந்தபட்சம் முதல் பகுதிக்கு முன்பே பெயர்ப்பட்டியல் ஒன்று செய்து, மொழிபெயர்ப்பவர் எல்லாருக்கும் கொடுங்கள்.

எழுத்து முந்துவதும் பிந்துவதும் பற்றி உங்களுக்கு வரும் புகார்களில் பாதியை மேசையிலேயே தீர்த்துவிடலாம். 5ஆம் நிமிடத்தில் ஒரு வரி, 55ஆம் நிமிடத்தில் ஒரு வரி பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிசகு என்றால் தொடக்கப் புள்ளிதான் தவறு. முதலில் 0.3 விநாடி, கடைசியில் 3.3 விநாடி என்றால் கோப்பு ஒரு கணக்கிலும் படம் இன்னொரு கணக்கிலும் இருக்கிறது: நேரம் பிசகாதிருக்க இடையிடையே சில சட்டக எண்களைத் தாண்டி எண்ணும் டிராப் ஃபிரேம் கணக்குக்கும் அது இல்லாத கணக்குக்கும் மணிக்கு 3.6 விநாடி வேறுபாடு. விளம்பரத்துக்கு விளம்பரம் பிசகு தாவினால், யாரோ காட்சி வெட்டியிருக்கிறார்கள், சப்டைட்டில்காரரிடம் சொல்லவில்லை. நொடிக்கு 23.976 சட்டகங்களில் வந்த படத்தை 25க்கு ஓட்டி வேலையை முடித்துவிடும் பழக்கம் இன்னொன்று. 60 நிமிடம் 57½ நிமிடத்தில் முடியும். விளம்பரத்துக்கு இடம் கிடைக்கும்தான், ஆனால் குரல் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு ஏறி, நாற்பது வயது நாயகன் கல்லூரிப் பையனாகிவிடுவான். ஓட்டநேரம் மாறாமல் சட்டகங்களை மட்டும் மாற்றுங்கள்.

பகுதி எண்களும் எங்களைக் குழப்புகின்றன. கொரியத் தரைவழி ஒளிவழிகள் 2017 முதல் சில ஆண்டுகள், நடுவில் விளம்பரம் போடுவதற்காக 70 நிமிடத்தை இரண்டு 35 நிமிடமாக்கி, 16 பகுதியை 32 என்று எண்ணின. 2021 ஜூலையில் இடைவிளம்பரத்துக்கு அனுமதி வந்தபின் அந்தத் தேவை போனது. அந்தக் காலத்து நாடகத்தை வாங்கி, 45 நிமிடத் துண்டுகளாக வெட்டி, நிரலில் மூன்றாவதாக ஓர் எண்ணைப் போட்டால் தவறவிட்ட பகுதியை யாராலும் தேடிப்பிடிக்க முடியாது. மூல எண்ணையும் பக்கத்தில் போடுங்கள். வெட்டுவதானால் காட்சி முடியுமிடத்தில் வெட்டுங்கள், பேச்சின் நடுவே வேண்டாம்.

இதெல்லாம் ஒப்பந்தத்தில்தான் முடிவாகிறது. நாடகம் வந்து சேர்ந்தபின் கேட்டால் எதுவும் கிடைக்காது. எழுத்து ஒட்டாத படம், கொரிய மூல ஒலி, அதை இங்கே ஒளியேற்றும் உரிமை, எம்-அண்ட்-ஈ தடம் அல்லது 5.1 கலவை, ஒளியேறிய வடிவத்தின் கொரியக் கதைவசனம், பாட்டுப் பட்டியல் ஆகியவற்றை வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். டப்பிங்கைத் தைவானிலிருந்து தனியாக வாங்கினால் கொரிய ஒலியின் உரிமை அதோடு வரும் என்று நம்பாதீர்கள். அது கொரிய உரிமையாளரிடம் கேட்டுப் பெற வேண்டியது.

முதல் பகுதி ஒளியேறுவதற்கு முன், கட்டுப்பாட்டு அறையின் விலையுயர்ந்த திரையில் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். சாதாரண வீட்டுப் பெட்டி இரண்டு, செட்-டாப் பெட்டி ஒன்று, மூன்றையும் வையுங்கள். மொழித் தேர்வை ஒருமுறை சீனத்திலும் ஒருமுறை கொரியத்திலும் வைத்து, பெட்டியை அணைத்துப் போடுங்கள். ஒளிவழியை மாற்றித் திரும்பி வாருங்கள். ஒரு விளம்பர இடைவேளை முழுதும் காத்திருங்கள். பிறகு எந்தப் பொத்தானை அழுத்தினால் கொரியம் வரும் என்பதை நாடகம் தொடங்கும்போது திரையின் மூலையில் பத்து விநாடி, ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழிலும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
மாண்டரினில் கொரிய நாடகம் பார்க்கும் தமிழ் வீடுகளின் சார்பில், ஒலிப்பதிவு, சப்டைட்டில் தொழிலில் உள்ள சிலர்