ஏரிக்கரையில் நடத்தினாலும் சிகிச்சை சிகிச்சைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனச்சோர்விலும் பதற்றத்திலும் தவிக்கும் கல்லூரி வயதுப் பிள்ளைகளைப் பிச்சாவரம் படகில் ஒருநாள் ஏற்றி இறக்குவது உல்லாசப் பயணம்தான், சிகிச்சை ஆகாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வில் (2015), மரங்களுக்கிடையே 90 நிமிடம் நடந்தவர்களுக்கு வேண்டாத எண்ணங்களை அசைபோடுவது குறைந்தது; வண்டிகள் இரையும் சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. பங்கேற்றவர்கள் 38 பேர், யாரும் நோயாளிகள் அல்லர். எனவே இதைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்வது பெருந்தவறு.

இயற்கைச் சூழலில் நடத்தும் குழுச் சிகிச்சைக்கு எங்கள் யோசனை: ஊசுட்டேரிக் கரை, ஆறு முதல் எட்டுப் பேர், வாரம் ஒருமுறையாக எட்டு வாரம், காலை 6 முதல் 7.30 வரை, பயிற்சி பெற்ற உளவியலாளருடன். முதல் சந்திப்பு மட்டும் அறைக்குள், ஒவ்வொருவரிடமும் தனியாக. தற்கொலை எண்ணம் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று நேரடியாகவே கேட்க வேண்டும். எண்ணம் இருந்தால் நீர்நிலைப் பக்கம் வேண்டாம். அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கரையில் முதல் பத்து நிமிடம் பேசாமல் நடை. பிறகு இருவர் இருவராக. கடைசி அரைமணி உட்கார்ந்து, வரும் வாரம் வீட்டருகே செய்யப்போவதை எந்த நாள், எத்தனை மணி, யாருடன் என்று எழுத வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ஏரிக்காற்றின் பலன் வீடு போய்ச் சேர்வதற்குள் கரைந்துவிடும்.

சோர்வு மிகுந்தவரைத் தனியே மரத்தடியில் உட்கார வைத்தால் அசைபோடல்தான் கூடும். பறவை எண்ணுவது, நாற்றுப் பையில் மண் நிரப்புவது என்று கைக்கு வேலை கொடுங்கள். திடீர்ப் பீதி வருபவருக்குப் படகு ஆகாது, நினைத்தவுடன் இறங்க முடியாதே! மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் வெயிலில் வியர்த்துத் தண்ணீரும் உப்பும் இழந்தால், இரத்தத்தில் மருந்தின் அளவு நஞ்சாகும்வரை ஏறக்கூடும். வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே மருத்துவமனை. சித்திரை, வைகாசியில் நேரத்தை இன்னும் முன்னால் தள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அத்தையோ பக்கத்து வீட்டாரோ எதிர்ப்பட்டால் பிள்ளை அப்புறம் வாய் திறக்காது. நடந்துபோகும் தூரத்தில் கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண்பிள்ளைகள் மறுவாரம் வரமாட்டார்கள்.

மாவட்ட மனநலத் திட்டத்தினர் வனத்துறை அனுமதியோடு ஒரு குழுவையாவது தொடங்க வேண்டும். அதுவரை உடனடி உதவிக்கு அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 இருக்கிறது, இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

– மனநல ஆலோசகர்கள் சிலர்,
வில்லியனூர், புதுச்சேரி.