அந்த 89 காரைப் பற்றி

கோயம்புத்தூர்
நவம்பர் 2025

கயல் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் நடக்கப் போகிறார்.

நீ போனில் கேட்டதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஃபெராரியின் 2024 கணக்கை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று இருந்தேன். "வருஷம் பூரா 89 கார்தாம்மா கூடுதலா வித்திருக்காங்க, வளராத கம்பெனிக்குப் பார்ட்ஸ் செஞ்சு கொடுக்கிற இடத்துல போய்ச் சேரலாமா?" என்றாய். சேருவதற்கு முன் யோசிக்கிறாயே, அது நல்லது. ஆனால் நீ பயப்படும் இடம் வேறாக இருக்க வேண்டும்.

2023-ல் 13,663 கார் போயிருக்கிறது, 2024-ல் 13,752. உன் 89 இதுதான். வருமானமோ 597 கோடி யூரோவிலிருந்து 667.7 கோடிக்கு ஏறியிருக்கிறது. கூடிய 70.7 கோடியையும் அந்த 89 காரே கொண்டுவந்திருந்தால், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட எண்பது லட்சம் யூரோவுக்குப் போயிருக்க வேண்டும். அவர்களுடைய விலை உயர்ந்த மாடலான எஃப்80-யே 36 லட்சம்தான், அதிலும் மொத்தம் 799தான் செய்கிறார்கள். ஆக, பணம் எண்ணிக்கையால் வரவில்லை. எந்த மாடல் போனது, வாங்கியவர் அதில் என்னென்ன சேர்த்துக்கொண்டார் என்பதில்தான் பெரும்பகுதி வந்திருக்கிறது. தனியாகக் கலந்த பெயின்ட், நூலின் நிறம் வரை கேட்டுத் தைத்த லெதர் சீட், கார்பன் ஃபைபர் பாகங்கள். கார், உதிரிபாக வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படிக் கேட்டுச் செய்துகொள்வதில் வருகிறது. ரேஸ் ஸ்பான்சர், பிராண்ட் வகையில் 67 கோடி தனி.

நிகர லாபம் 125.7 கோடியிலிருந்து 152.6 கோடியாகியிருக்கிறது. காரின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தேன். ஒரு காருக்கு 92 ஆயிரம் யூரோவாக இருந்தது 1 லட்சத்து 11 ஆயிரமாகியிருக்கிறது. செலவுக் கணக்குப் போடும் காஸ்டிங் செக்‌ஷனில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவள் நான், இப்படி ஒரு கணக்கை எங்கள் பேரேட்டில் பார்த்ததே இல்லை.

சந்தை கேட்பதைவிட ஒரு கார் குறைவாகவே செய்ய வேண்டும் என்பது என்ஸோ ஃபெராரி காலத்துக் கொள்கை. அதனால்தான் சீனா, ஹாங்காங், தைவான் பக்கம் 1,490-ஆக இருந்தது 1,162-ஆக இறங்கியும் மொத்தம் குறையவில்லை. வேறு ஊரில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கார்கள் போய்விட்டன. ஆஸ்டன் மார்ட்டினும் பெரிய பெயர்தான், அதே 2024-ல் 6,030 கார் அனுப்பியது. ஆனால் வரிக்கு முன்பே 28.9 கோடி பவுண்ட் நஷ்டம். விலை அதிகமான கார் செய்தால் லாபம் தானாக வந்துவிடாது, கண்ணு. கடனுக்குக் கட்டும் வட்டியும், புது மாடலுக்கு முன்கூட்டிக் கொட்டும் பணமும் சேர்ந்து விழுங்கிவிடும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கூப்பிட்டிருப்பது ஃபெராரி இல்லை, அவர்களுக்கு அலுமினியப் பாகம் கடைந்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. நம் கணபதி, பீளமேடு பக்கம் லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர்களை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். பம்ப் விலை ஏறினால் பீஸ் ரேட் ஏறியதா? எனக்குத் தெரிந்த ஒரு யூனிட்டில் எட்டு லேத் ஓடியது, எல்லாம் ஒரே பார்ட்டிக்கு. அந்தக் கம்பெனி வருஷா வருஷம் விலைப்பட்டியலை மாற்றியது, இவர்களுக்கு ஒரு பீஸுக்குக் கூட்டிக் கொடுத்ததோ பைசாக் கணக்கில். ஆர்டர் எத்தனை பீஸோ அத்தனைக்குத்தான் இவர்கள் வருமானம்.

ஃபெராரி தொழிற்சாலை இருக்கிற மாரனெல்லோவுக்கும் இது பொருந்தும் என்றுதான் எனக்குப் படுகிறது. வாங்குபவர் கூடுதலாக 20 ஆயிரம் யூரோ கொடுத்துப் பெயின்ட் மாற்றினால், எல்லாக் காரிலும் ஒன்றுபோல வரும் பிராக்கெட்டைச் செய்கிறவருக்கு அதில் ஒரு யூரோவும் வராது. அவருக்கு 13,663 செட் என்பது 13,752 செட் ஆயிற்று, அவ்வளவுதான். கூட்டாமல் இருப்பதையே அவர்கள் கொள்கையாக வைத்திருக்கிறபோது, அந்த 89 ஃபெராரிக்குக் குறையே இல்லை, உன்னைக் கூப்பிட்டவர்களுக்குத்தான் குறை. ஃபெராரியிலேயே வேலை செய்கிறவர்களுக்கு 2024 லாபத்தில் 14,400 யூரோ வரை போனஸ் என்று அறிவித்தார்கள், அதுவும் கேட்டைத் தாண்டி உன் பக்கம் வராது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள். அக்டோபர் 9-ஆம் தேதி ஃபெராரி 2030 வரைக்குமான திட்டத்தைச் சொன்ன அன்று பங்கு விலை ஒரே நாளில் 15 சதவீதம் போல விழுந்தது. எல்லோரும் அதையே பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, 2030-ல் மின்சார மாடல்கள் 40 சதவீதம் என்று முன்பு சொன்னதை 20 ஆக்கியது. எஞ்சினோடு சேர்ந்த பாகம் செய்கிறவர்களுக்கு இன்னும் சில வருஷம் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயம் கேள். அவர்கள் விற்பனையில் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருவது எத்தனை பங்கு? அவர்கள் செய்யும் பாகம் எஞ்சினுக்கா, பாடிக்கா? கேட்டுச் செய்யும் கார்பன், ஸ்பெஷல் வேலை எதையாவது எடுத்துச் செய்கிறார்களா? முதல் கேள்விக்குப் பாதிக்கு மேல் என்று சொல்லி, மூன்றாவதற்கு இல்லை என்றால், சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் வேறு இடம் பார். அவர்களுடைய மூன்று வருஷத்து பேலன்ஸ் ஷீட் கிடைத்தால் எனக்கு அனுப்பு. இத்தாலிய மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, எண்ணைப் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா