இறையழைத்தல் ஆதரவுக் குழுக்களில் உழைக்கும் பொதுநிலையினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்துப் பங்குகளில் இறையழைத்தலுக்காக (குருவாக, துறவியாக வாழ இறைவன் விடுக்கும் அழைப்புக்காக)ச் செபித்தும் குருமாணவர்களின் படிப்புக்குக் கொடுத்தும் வரும் சகோதர சகோதரிகளே, மரியே வாழ்க!

குருமாணவருக்குச் செலவு செய்வது ஆயர் இல்லத்தின் பொறுப்பு, மிஞ்சினால் வெளிநாட்டு நன்கொடையாளரின் பொறுப்பு என்று நெடுங்காலம் இருந்துவிட்டோம். அந்த நிலையை நீங்கள் மாற்றி வருகிறீர்கள். அன்பியம் என்னும் அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் கூட்டங்களில் இதற்கென்று காணிக்கை சேர்க்கிறீர்கள். நற்கருணை முன் மணிக்கணக்கில் அமர்ந்து மன்றாடுகிறீர்கள். நான்கைந்து குடும்பங்கள் கூடி ஒரு குருமாணவரின் ஆண்டுச் செலவை ஏற்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. 1935இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர் நால்வர் தொடங்கிய, இறையழைத்தலை ஆதரிக்கும் செர்ரா இயக்கம் இந்தியாவிலும் கிளை விட்டிருக்கிறது. ஆனால் நான் பார்க்கும் குழுக்களில் பல, எந்தப் பெரிய இயக்கத்தோடும் சேராமல் ஒரு பங்குக்குள்ளேயே முளைத்தவை. அதனாலேயே அவற்றின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இந்தப் பணிக்கு ஆசியாவில் நீண்ட வரலாறு உண்டு. 1889இல் ஜப்பானின் நாகசாகி ஆயர், குருமாணவர்களைச் சேர்க்கப் பணமில்லை என்று பிரான்சுக்கு எழுதினார். அந்தக் கடிதத்துக்குப் பதில் தந்தவர்கள் கான் நகரில் வாழ்ந்த ஸ்டெபானி பிகார்டும் அவருடைய மகள் ழானும். பொதுநிலைப் பெண்கள் இருவர் தொடங்கிய அந்த முயற்சியே புனித பேதுரு திருத்தூதர் சபையாக வளர்ந்தது. 1922இல் திருத்தந்தையின் பொறுப்பிலுள்ள பாப்பிறை நிறுவனமாகவும் உயர்ந்தது. 1893இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்துக் கண்டியில் ஒரு குருமடம் நிறுவினார். 1955இல் புனேவுக்கு மாறிய அந்தக் குருமடம் இன்றும் இயங்குகிறது. ‘இந்தியாவே, உன் மக்களே உன் மீட்பின் பணியாளர்கள்’ என்பது அதன் விருதுவாக்கு.

பிகார்டு தாயும் மகளும் உதவியது முகம் தெரியாத பிள்ளைகளுக்கு. நீங்கள் உதவுவதோ பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு. கோடை விடுமுறைக்கு அவன் வந்தால் உங்கள் வீட்டில் சாப்பிடுவான், பீடத்தில் நின்று வாசகம் வாசிப்பான், ‘எப்பப்பா பட்டம்?’ என்று ஆளுக்கு ஆள் கேட்பீர்கள். இந்த நெருக்கம் அவனுக்குப் பெரிய பலம். அதுவே அவன் தலையில் ஏறும் சுமையாகவும் மாறலாம் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்துச் சேர்பவர் குருப்பட்டம் பெற ஏறக்குறைய பத்தாண்டு ஆகிறது. அத்தனை ஆண்டுகளும் ‘இதுதான் என் அழைப்பா?’ என்று தேர்ந்து தெளிவதற்காகத்தான் தரப்பட்டிருக்கின்றன. இல்லை என்று தெரிந்து ஒருவன் வீடு திரும்பினால், குருமடம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்றுதான் பொருள். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், இறையழைத்தலை வளர்ப்பது கிறிஸ்தவச் சமூகம் முழுவதன் கடமை என்கிறது (எண் 233). எவரையும் எவ்வகையிலும் குருத்துவத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது (எண் 1026). முதல் எண்ணை மேடைதோறும் கேட்கிறோம். இரண்டாவதை எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்?

ஊரில் நடப்பதைப் பாருங்கள். சாமியாருக்குப் படிக்கப் போனவன் திரும்பி வந்தால் ‘என்ன தப்பு செஞ்சானோ’ என்பதுதான் முதல் பேச்சு. தாய் கொஞ்ச நாளைக்குக் கோயிலுக்கு வரக் கூசுகிறாள். அவன் வயது நண்பர்கள் அதற்குள் வேலையில் அமர்ந்திருப்பார்கள். இவன் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பான். பாடகர் குழுவில் உயிராக இருந்தவர்கள் பூசையின்போது கடைசித் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில், அவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் செபித்த குழுவிலிருந்து ஒருவர்கூட வீட்டுப் படியேறவில்லை. இந்தப் பயத்தாலேயே, மனமில்லாமலும் சிலர் அங்கேயே தங்கிவிட நேரலாம். அதன் விளைவை அவரும் சுமப்பார், அவர் பணியாற்றும் பங்கும் சுமக்கும்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உதவி தொடங்கும் நாளிலேயே, இது கடனில்லை என்று பையனிடமும் பெற்றோரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பணத்தை மறைமாவட்ட இறையழைத்தல் பணிக்குழு வழியாகக் கொடுங்கள். யார் பணத்தில் யார் படிக்கிறார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. பட்டத்துக்குப் பல ஆண்டு முன்பே ‘வருங்கால அருட்தந்தை’ என்று ஃபிளெக்ஸ் வைக்காதீர்கள். சேரும் தொகையில் ஒரு பங்கை, திரும்பி வருபவரின் மேற்படிப்புக்கோ வேலைப் பயிற்சிக்கோ தனியாக ஒதுக்குங்கள். துறவற மடங்களில் சேர்ந்து திரும்பும் பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்கள் படும் பேச்சு இன்னும் கொடியது.

இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் நம் தேவசகாயம். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் குருவல்ல, மணமானவர், அரசுப் பணியாளர். அவரைப் பீடத்தில் வைத்து வணங்கும் நாம், குருமடத்திலிருந்து வீடு திரும்பி இல்லறம் ஏற்கும் ஒருவரை அழைப்பை இழந்தவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு. 1964 முதல் உலகத் திருச்சபை இறையழைத்தலுக்காக மன்றாடும் நாள் அது. வழக்கம்போல் அன்று குருமாணவர்களை மேடைக்கு அழைத்துக் கௌரவிப்பீர்கள். திரும்பி வந்தவர்களின் வீடுகளுக்கு அந்த வாரமே குழுவாகப் போய், அவர்களையும் அழையுங்கள். மனமிருந்தால் உங்கள் குழுவில் சேரச் சொல்லுங்கள். குருமடத்துக்குள் ஒரு பிள்ளைக்கு என்ன தேவை, எது வலிக்கும் என்று உங்களில் வேறு யாரையும்விட அவர்களுக்குத்தான் தெரியும்.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்களைப் போல் ஒரு பங்கு உறுப்பினர்