படிக்கட்டு அப்புறம், முதலில் வரத்துக்கால்: எங்கள் ஊர் ஊருணிக் கமிட்டிக்கு

கமிட்டி அண்ணன்மார்களுக்கு வணக்கம். சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊருணிக்குப் பணம் அனுப்பியவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஊருணியைச் சீரமைக்க நீங்கள் காட்டிய பிளானைப் பார்த்தேன். நாலு பக்கமும் கல் படி, சுற்றி நடைபாதை, விளக்கு. அழகுதான், ஆனால் தண்ணீர் உள்ளே வரும் வாய்க்காலான வரத்துக்காலுக்கு அந்தத் தாளில் ஒரு கோடுகூட இல்லையே?

தினமும் முப்பது ஆட்டை ஓட்டிக்கொண்டு மேற்குப் பொட்டலில் திரிகிறவன் நான். நம் செட்டிநாட்டுப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. மழை, அதில் நல்ல பங்கு ஐப்பசி கார்த்திகையில் சில நாளில் கொட்டிவிட்டுப் போய்விடும். மேலே சரளை, கீழே செம்புறாங்கல், மண் குடிப்பது கொஞ்சம்தான், மிச்சம் ஓடும். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. பெய்தால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். அந்த ஓட்டத்துக்காகத்தான் நம் முன்னோர் பொட்டலைப் பொட்டலாகவே விட்டுவைத்தார்கள். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், விழுந்த மழையைக்கூடத் தெருக்கால் வழியே ஊருணிக்குத் திருப்பினார்கள், அது நிறைந்தால் கண்மாய், மிச்சம் வழிந்தோடும் கலுங்கைத் தாண்டினால் அடுத்த ஊர்க் கண்மாய். மணிமுத்தாறும் பாம்பாறும் வருஷத்தில் சில நாள்தானே ஓடும், அவற்றை நம்பியா ஊர் வைத்தார்கள்?

போன ஐப்பசியில் மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். ரோட்டை உயர்த்தியபோது அடியில் வைத்த குழாயில் ஆட்டுக்குட்டி நுழையலாம், அவ்வளவுதான். வாயில் முள்ளும் பாலிதீன் பையும் அடைத்து, மேற்கே முழங்காலளவு செந்தண்ணீர் நிற்கிறது, கிழக்கே பத்தடியில் ஊருணியின் வரத்துக்கால் காய்ந்து கிடக்கிறது. கம்பால் குத்திப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் அவ்வளவு தண்ணீரும் ரோட்டோரமாகவே ஓடிப் பிளாட் போட்ட இடத்தில் தேங்கியது.

வரத்துக்கால் நெடுக நிற்கும் சீமைக்கருவேலுக்கு என் ஆடுகளும் பொறுப்புத்தான், காயைத் தின்று புழுக்கையோடு விதையைப் போட்டுவிடுகின்றன, ஒத்துக்கொள்கிறேன். வெட்டினால் தழைக்கும், வேரோடு பிடுங்க வேண்டும். முதல் பணம் அதற்கு. குழாய்க்குப் பதில் அகலமான சிறுபாலம் கேட்டு மனுப் போடுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. அப்புறம், ஜேசிபியை விட்டு ஊருணியை ஆழமாகத் தோண்டிவிடாதீர்கள், அடிக்களி கிழிந்தால் நிற்கிற தண்ணீரும் இறங்கிவிடும்.

வரத்துக்கால் எங்கே என்று தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், ஆட்டை அந்தப் பக்கமே ஓட்டி வருகிறேன். செருப்பு மட்டும் தடிமனாகப் போட்டுக்கொள்ளுங்கள்.