அண்ணாவுக்கு: அந்தக் கேள்வியைப் பற்றி

அன்புள்ள அண்ணா,

அப்பாவின் வருஷ திதி எந்தத் தேதி என்று அண்ணி சொன்னாள். வருகிறேன். வருவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும். ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை. நேரில் உட்கார்ந்தால் இரண்டு பேச்சு முடிவதற்குள் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுகிறோம்.

வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் எழுதுவானேன் என்று கேட்பாய். நீ என்னைப் பற்றி ஊர் நடுவில்தானே பேசினாய்? சூளைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் பேசினாய், கல்யாண மண்டபத்தில் பேசினாய், அப்பாவின் காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் பேசினாய். நானும் ஒரே ஒரு தடவை பேசிக்கொள்கிறேன்.

செங்கல் சேம்பரில், அதாவது சூளையில், கொத்தடிமைகளை வைத்திருந்ததாக நடந்த அந்த வழக்கின் எண், ஊர், எதிரிகளின் (குற்றம் சாட்டப்பட்டவர்களின்) பெயர் எதையும் இங்கே சொல்லமாட்டேன். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது. தீர்ப்பில் இருப்பதற்கு மேல் அரசு வக்கீலாக நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லக் கூடாது. உனக்கு எல்லாம் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அன்று நீ கோர்ட்டுக்கு வருவாய் என்று நான் நினைக்கவில்லை. சங்கத்து ஆட்களோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். சாட்சிக் கூண்டில் ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்திலிருந்து வந்தவர் நின்றுகொண்டிருந்தார். காந்தாபாஞ்சியில் ரயில் ஏறி, பெண்டாட்டி பிள்ளையோடு திரும்பவும் இந்த ஊருக்கே சாட்சி சொல்ல வந்தவர். பக்கத்தில் ஒடியா மொழிபெயர்ப்பாளர். குறுக்கு விசாரணை நன்றாகவே போனது, அவர்களுக்கு. எதிரித் தரப்பு வக்கீல் கெட்டிக்காரர், குரலை உயர்த்தவே இல்லை. முன்பணம் வாங்கினீர்களா? வாங்கினேன். நோட்டில் கைநாட்டு உங்களுடையதா? என்னுடையதுதான். வாராவாரம் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தார்களா? கொடுத்தார்கள். சேம்பருக்குச் சுற்றுச்சுவர் உண்டா? இல்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போவீர்களா? போவேன். பஸ்ஸிலா, நடந்தா? நடந்து. வழியில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறதா? இருக்கிறது. உள்ளே போய்ப் புகார் சொன்னீர்களா? இல்லை.

அதோடு அந்த வக்கீல் உட்கார்ந்துவிட்டார். சந்தைக்குத் தன் பாட்டுக்கு நடந்து போய்வருகிறவன் எப்படிக் கொத்தடிமை ஆவான்? வழக்கே அந்த ஒரு பதிலில் சாய்ந்து நின்றது. பின் பெஞ்சில் யாரோ நிம்மதியாகச் செருமினார்கள். நீதிபதி என்னைப் பார்த்து, மறு விசாரணை, அதாவது சாட்சியிடம் நான் திரும்பக் கேட்க ஏதாவது, உண்டா என்று கேட்டார்.

என் ஃபைலில் அதற்குப் பதில் இல்லை, அண்ணா. போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் சந்தை என்ற பேச்சே கிடையாது. ஆனால் எனக்குத் தெரியும். எட்டாவது படிக்கும்போது உன் டிவிஎஸ் 50-இல் பின்னால் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சேம்பருக்கு வருவேனே. அப்பா நோட்டை விரித்துப் படிக்காசு, வாரச் சாப்பாட்டுப் பணம், கொடுத்துக்கொண்டிருப்பார். நீ வண்டியை நிறுத்தாமலே குரல் கொடுப்பாய்: "ரெண்டு பேரு சந்தைக்குப் போங்க, ஒருத்தரு இங்க இருக்கட்டும்." ஒவ்வொரு குடிசை வாசலிலும் அதையே சொல்லிக்கொண்டு போவாய். அவர்களும் யார் இருப்பது என்று முதல் நாள் ராத்திரியே பேசி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் பிள்ளையோடு அம்மாக்காரிதான் இருப்பாள்.

எழுந்து நின்று கேட்டேன். "நீங்கள் சந்தைக்குப் போகும்போது உங்கள் குடும்பத்தில் யார் சேம்பரில் இருப்பார்கள்?"

ஆட்சேபணை வந்தது. குறுக்கு விசாரணையில் அவர்களே கிளப்பிய விஷயம்தான் என்று நீதிபதி அனுமதித்தார். மொழிபெயர்ப்பாளர் கேட்டுச் சொன்னார்: மனைவியும் மகனும். அவர்களையும் கூட்டிக்கொண்டு எப்போதாவது போனதுண்டா? இல்லை. ஏன்? அந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதுகூடவா தெரியாது என்பது போல. "மூன்று பேரும் சேர்ந்து போக விடமாட்டார்கள். ஒருவர் இருக்க வேண்டும்."

டைப்பிஸ்ட் அதை அடித்துக்கொண்டிருக்கும்போது நீ எழுந்து வெளியே போனாய். யார் பக்கமும் திரும்பவில்லை. உன் பெஞ்சில் இருந்தவர்களுக்கு நீ ஏன் போனாய் என்று புரிந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அந்த எதிரிகள் உனக்குப் பங்காளியும் இல்லை, பங்குதாரரும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பது அந்த ஹாலில் நம் இருவருக்கு மட்டும் தெரியும்.

நாலு பேர் நடுவில் அதைக் கேட்க நேர்ந்ததற்காக வருத்தப்படுகிறேன். உன் முகம் போன போக்கைப் பார்த்தேன், மறக்க முடியவில்லை. நீ வருவது தெரிந்திருந்தால் முந்தின ராத்திரியே ஃபோன் செய்து வராதே என்று சொல்லியிருப்பேன். ஆனால் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கமாட்டேன். இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள், தனித்தனியாகத் தர எனக்குத் தெரியவில்லை.

"கல்லறுத்த காசுல படிச்சவ" என்று சொல்கிறாயாமே. உண்மைதான். யார் அறுத்த செங்கல், அண்ணா? நீயும் அறுக்கவில்லை, நானும் அறுக்கவில்லை.

நீ எனக்குச் செய்ததை நான் மறைக்கவில்லை. ஒரு சித்திரையில் பெய்த மழையில் களத்தில் காய்ந்துகொண்டிருந்த, இன்னும் சுடாத பச்சைக்கல் அத்தனையும் கரைந்து மண்ணோடு மண்ணாய்ப் போனது. அப்பா வட்டிக்கு வாங்கியிருந்தார். நீ பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றாய். சட்டக் கல்லூரிக்கு நான் விண்ணப்பம் வாங்கியபோது வீட்டில் எல்லாரும் யோசித்தார்கள், நீ ஒருவன்தான் "பாப்பா படிக்கட்டும்" என்றாய். ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது உன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டுப் போனாய். நான் வாதாடிய முதல் வழக்குக்கு அதைக் கட்டிக்கொண்டுதான் போனேன்.

அதே மழையில் கரைந்த கல்லுக்கு அறுத்தவர்களுக்குக் கூலி எழுதவில்லை என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. சூளைக்குப் போன கல்லுக்குத்தான் கணக்கு. அவர்கள் மண் மிதித்தது மிதித்ததுதானே, அச்சில் அடித்தது அடித்ததுதானே? நம் நஷ்டம் சில வருஷத்தில் தீர்ந்தது. அவர்கள் பெயருக்கு நேரே அது அடுத்த சீசனுக்கும் கடனாக நின்றது. அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். இந்த வழக்கில் சான்றாவணமாகக் குறியீடு செய்த நோட்டும் அதே நீள நோட்டு, அதே மாதிரி கோடு: முன்பணம், படி, மருந்து, கழிவு. கழிவுக்கு அப்புறம் ஒரு பத்தியில் எப்போதும் கடன் மிச்சம் இருக்கும்.

உன் வாதம் எனக்குத் தெரியும். முன்பணம் இல்லாமல் எவனும் வரமாட்டான். ஒடிசாவில் நுவாகாய் அறுவடைப் பண்டிகை முடிந்ததும் சர்தார், ஆள் கூட்டும் தரகர், ஊர் ஊராகப் போய்ப் பணம் கொடுத்தால்தான் ஆள் கிளம்புவான். பணத்தை வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போனவர்களும் உண்டு. அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணம் அது, அதனால்தான் ஒருவரை நிறுத்தி வைத்தீர்கள். பயம்தான், கொடுமை இல்லை என்பாய். பயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொடுத்த பணம் வரவில்லையென்றால் அதற்கு சிவில் கோர்ட் இருக்கிறது. பணத்துக்குப் பதிலாக ஆளைப் பிடித்து வைக்க 1975 அக்டோபரிலிருந்து இந்த நாட்டில் யாருக்கும் உரிமை கிடையாது. அன்று வந்த அவசரச் சட்டம்தான் 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஆனது. அதன்படி அந்தக் கடனே கிடையாது, அழிந்தது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான். 15-ஆம் பிரிவைப் படித்துப் பார்.

சுவர் இல்லை, பூட்டு இல்லை என்கிறீர்கள் எல்லாரும். 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பசி ஒருவனை வேறு வழியில்லாமல் செய்து, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வைத்தால் அதுவும் கட்டாய உழைப்புதான், அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவுக்கு விரோதம்தான். சுவரைத் தேடுகிறவர்கள் அந்தத் தீர்ப்புக்கு முந்தைய காலத்தில் நிற்கிறார்கள்.

"அட்வான்ஸ் கொடுத்ததுக்குப் பத்து வருஷமா?" என்று கேட்டாயாம். 1976 சட்டத்தில் அதிகபட்சமே மூன்று வருஷமும் இரண்டாயிரம் ரூபாய் அபராதமும்தான், அது உனக்குத் தெரியும். ஆனால் 2013-க்குப் பிறகு இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவு மாறிவிட்டது. ஆசை காட்டியோ ஏமாற்றியோ மிரட்டியோ சுரண்டலுக்கு ஆளைச் சேர்த்து, கூட்டி வந்து, வைத்துக்கொண்டால் ஆள்கடத்தல். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால் குறைந்தது பத்து வருஷம். அவர்களே சம்மதித்து வந்தார்கள் என்ற பேச்சு அந்தப் பிரிவில் செல்லாது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 143 என்று எண் மாறியிருக்கிறது, விஷயம் மாறவில்லை. நான் எழுதிய சட்டம் இல்லை இது. ஆனால் இது தப்பு என்று நான் நினைக்கவும் இல்லை.

முப்பதாயிரத்துக்காக மீட்பு என்று நாடகம் ஆடுகிறார்கள் என்று உன் சங்கத்தில் பேசுகிறார்கள். அந்த முப்பதாயிரம் மீட்டவுடன் கொடுக்கும் உடனடி உதவி. மீதி மறுவாழ்வுத் தொகை குற்றம் நிரூபணமானால்தான். அதற்குள் எத்தனை வாய்தா போகும் என்று என்னைக் கேள். சாட்சிகள் ஒடிசாவில் அடுத்த பஞ்சத்தைத் தாண்ட வேண்டும், சில பேர் இந்நேரம் தெலங்கானாவில் வேறு ஒரு சூளையில் இருப்பார்கள். சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்க விலாசமே இருக்காது. சமரசம் பேச வருகிறவர்களுக்கு மட்டும் எப்படியோ விலாசம் கிடைத்துவிடுகிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதக் கூடாது.

1995-இல் உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஆணையர்கள் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். அப்போது நம் மாநிலம் இங்கே அப்படி யாரும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நம் வீட்டிலும் அதையேதான் சொன்னோம். பொய் என்று தெரிந்து சொன்னதில்லை. அப்பா கொத்தடிமை என்ற சொல்லைப் பேப்பரில் படித்தால் அது எங்கோ வடநாட்டில் கல்குவாரியில் நடப்பது என்றுதான் நினைத்தார். அவர் மனதார நினைத்தார். அவரைக் குற்றவாளி என்று நான் சொன்னதாகச் சொல்லித் திரியாதே. நான் சொல்லவில்லை. கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் அவருக்கு நான் தோசையைப் பிய்த்து ஊட்டும்போது, "உன் கேஸ்ல அவங்களுக்குப் பணம் வந்துச்சா" என்று கேட்டார். வந்தது, கொஞ்சம், என்றேன். சரி என்று தலையாட்டினார். நீ அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். இதை உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

உன் சேம்பருக்கு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வந்து பார்த்தது என்னால்தான் என்கிறாய். நான் அனுப்பவில்லை. வழக்கை எடுக்கும் முன் என் குடும்பத்துக்கும் இந்தத் தொழில் இருக்கிறது என்று எழுத்தில் கொடுத்தேன், கொடுக்காமல் அங்கே நிற்க முடியாது. அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் வந்தார்களா, வழக்கமாகக் கண்காணிப்புக் குழு போகிற ஆய்வா, எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டிருந்தால் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டேன். என்ன கண்டார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். அது உன் கௌரவத்துக்காக.

என் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய விடுதலைப் பத்திரத்தைப் படித்தேன். அப்பா உயில் எழுதவில்லை, அவர் சுயமாக வாங்கிய சொத்தில் அம்மா, நீ, நான் மூவருக்கும் சமபங்கு. சேம்பர் நிலத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன். நீ போட்டிருக்கும் தொகை வேண்டாம், ஒரு ரூபாயும் வேண்டாம். வீட்டையும் அதே பத்திரத்தில் நைசாகச் சேர்த்திருக்கிறாய். அதை விடமாட்டேன். அம்மா இருக்கும் வீடு, எனக்கும் ஒரு சாவி இருக்கும். எடுத்துவிட்டுத் திரும்ப அடித்து அனுப்பு.

அரசு வக்கீல் பதவி இந்தத் தடவை நீட்டிக்கப்பட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன். அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீட்டித்துவிட்டார்கள், ஒப்புக்கொண்டேன்.

சீசன் தொடங்கப் போகிறது. மூன்று பேரும் சேர்ந்து சந்தைக்குப் போகட்டும், அண்ணா. கணக்கு நோட்டில் இருப்பதை ஒரு சீட்டில் எழுதி அவர்கள் கையில் கொடு. மழையில் கரைந்தாலும் அறுத்த கல்லை எண்ணு. பிள்ளைகளைக் களத்தில் விடாமல் பள்ளிக்கூடத்தில் சேர். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வயதில்லை என்பாய், வேறு யாரும் உனக்கு இதைச் சொல்லமாட்டார்கள்.

நீ செய்யவில்லையென்றால், என்றைக்காவது உன் சேம்பரிலிருந்து ஒரு புகார் வந்தால், அந்த ஃபைலை நான் தொடமாட்டேன். அன்றைக்கே எழுதிக் கொடுத்து வேறு ஒருவரிடம் போகச் செய்வேன். அவரிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன், நல்லதும் சொல்லமாட்டேன், கெட்டதும் சொல்லமாட்டேன். சந்தையைப் பற்றி என்ன கேட்க வேண்டும் என்றும் நான் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்காது. தீர்ப்பில் அது எழுதப்பட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

உன் தங்கை